நாலாம் தொட்டியில் நின்ற பச்சைக்காலி

பறவை பார்ப்பவர்களுக்கான எங்கள் போன் குழுவில் நூற்றுப் பன்னிரண்டு பேர். யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது. பல் டாக்டர், வரலாற்று டீச்சர், வங்கிக்காரர், இப்படித்தான் கூப்பிட்டுக்கொள்வோம். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்து நானே கண் பரிசோதனையும் செய்வதால் நான் கண்ணாடிக்காரர். இது தொட்டிக்காரரைப் பற்றிய கதை. அவரைப் பற்றி எழுத எனக்கு அருகதை கிடையாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படித்து முடிக்கும்போது நீங்களும் அதையே சொல்வீர்கள்.

தொட்டிக்காரர் நகரத்துக் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் பம்பு ஆபரேட்டர். அங்கே ஆறு தொட்டிகள், ஒவ்வொன்றும் ஒரு விளையாட்டு மைதானம் அளவுக்கு. மணிக்கொரு தரம் பம்பு அறைக்குப் போய் மீட்டர்களைப் பார்த்துத் தாளில் குறிக்க வேண்டும். அதுதான் வேலை. பதினோரு வருஷத்துக்கு முன்னால், பறவைகள் கைப்பிடிக் கம்பிகளை அசிங்கம் பண்ணுகின்றன, விரட்டிவிடு என்று எஞ்சினியர் உத்தரவு போட்டிருக்கிறார். "யாரை விரட்டுறோம்னு தெரியாம எப்படி சார் விரட்டுறது?" என்று இவர் ஒரு பறவைப் புத்தகம் வாங்கினார். பெயர் தெரிந்த பிறகு விரட்ட மனசு வரவில்லை. கம்பிகளைத் தினமும் தானே கழுவிவிட்டு, எண்ண ஆரம்பித்துவிட்டார்.

அப்படி ஓர் எண்ணிக்கையை நான் எங்கும் பார்த்ததில்லை. மழையோ வெயிலோ, ஷிஃப்ட் இருக்கிற ஒவ்வொரு நாளும் ஆறு தொட்டியும் எண்ணி, ஊர் முழுக்கப் பயன்படுத்துகிற இணையப் பட்டியலில் ஏற்றிவிடுவார். கையில் இருந்தது பழைய பைனாகுலர். ஒரு பக்கத்து ரப்பர் போய், சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றியிருப்பார். பட்டியலில் 'குறிப்பு' என்று ஒரு கட்டம் உண்டு. மற்றவர்கள் அதில் வானிலை எழுதுவார்கள். அவர் வாழ்க்கையையே எழுதுவார். "உள்ளான் நாற்பது. மேற்குக் காற்று. வீட்டுக்காரிக்கு இன்று ஆபரேஷன் நல்லபடி முடிந்தது." "ஆறாம் தொட்டியில் நீர்க்காகம் ஒன்று, இறக்கை காயவைத்தது. மூணாவது மாடிக்குத் தண்ணீர் ஏறவில்லை, நான்தான் சுமந்தேன்." பம்பு ஆபரேட்டர் வீட்டில் தண்ணீர் ஏறவில்லை என்று படித்துவிட்டு நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். 'தொட்டி அறிக்கை' என்று அதற்குப் பட்டப்பெயர் வேறு.

அந்தப் பட்டியலில் எங்கள் நகரத்துக்கு நான்தான் சரிபார்ப்பவன். யாராவது அரிய பறவையைப் பார்த்ததாகப் போட்டால் அது என்னிடம் வரும். நான் ஏற்றால் பதிவு, தள்ளினால் குப்பை. சம்பளம் இல்லாத பதவிதான். இருந்தாலும் பதவி பதவிதானே. சும்மா சொல்லக்கூடாது, அந்தத் திமிர் எனக்கு நன்றாகவே பிடித்திருந்தது. தொட்டிக்காரரின் பதினோரு வருஷ எண்ணிக்கையை வைத்து இரண்டு கூட்டங்களில் பேசிக் கைதட்டும் வாங்கியிருக்கிறேன். இரண்டு முறையும் அவரைக் கூப்பிட மறந்துவிட்டேன்.

போன குளிர்காலத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை குழுவில் அவர் எழுதினார்: "நாலாம் தொட்டியில் புள்ளிப் பச்சைக்காலி ஒன்று. கால் குட்டை, மஞ்சள். அலகு தடிமன், அடியில் மஞ்சள். எழுந்து பறந்தபோது கால்விரல் வாலைத் தாண்டி நீளவில்லை. ஏழு நிமிஷம் பார்த்தேன்." கூடவே பம்புத் தாளின் பின்பக்கத்தில் பென்சிலால் வரைந்த படம். வாத்துக்கும் கோழிக்கும் பிறந்தது மாதிரி இருந்தது.

விஷயம் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. பச்சைக்காலி என்பது சாதாரண வலசைப் பறவை, குளிர்காலத்தில் எந்தச் சேற்றிலும் நிற்கும். புள்ளிப் பச்சைக்காலி அதன் அபூர்வமான பங்காளி. உலகத்திலேயே கொஞ்சம்தான் மிச்சம். எங்கள் நகரத்தில் அதுவரை ஒருவரும் பார்த்ததில்லை. அது கடலோரச் சேற்றில் நண்டு பிடிக்கிற பறவை. அது கழிவுநீர்த் தொட்டிக்கு வந்தது என்றால் யார் நம்புவது?

நான் படத்தைப் பார்த்தேன், சிரித்தேன். எழுத்தைச் சரியாகப் படிக்கவில்லை. குழுவில் உடனே போட்டேன்: "தொட்டிக்காரரே, அது சாதாப் பச்சைக்காலி. கடைக்கு வாங்க, கண்ணை ஒருதரம் டெஸ்ட் பண்ணிடலாம். தொட்டி வாடை கண்ணுலயும் ஏறிடுச்சு போல!"

நாற்பத்தோரு பேர் சிரிப்புப் பொம்மை போட்டார்கள். அவர், "சரிங்க சார், நன்றி" என்று மட்டும் எழுதினார்.

புதன்கிழமை கடையில் கூட்டமில்லை. போனை நோண்டியபோது அந்தச் செய்தி மறுபடி கண்ணில் பட்டது. கால்விரல் வாலைத் தாண்டி நீளவில்லை என்ற வரியை அப்போதுதான் படித்தேன். சாதாப் பச்சைக்காலி பறந்தால் கால்விரல் வாலைத் தாண்டி நன்றாக நீட்டிக்கொண்டிருக்கும். அதைப் பார்த்து வித்தியாசம் சொல்ல எங்கள் குழுவில் நாலு பேருக்குக்கூடத் தெரியாது. இந்த மனுஷர் அதை எழுதியிருக்கிறார்.

வியாழன் அவருக்கு வார விடுமுறை. அது எனக்குத் தெரியும். அதனால்தான் வியாழன் போனேன். வாசலில் காவலாளி தடுத்தார். அவருடைய பெயரைச் சொன்னேன். "அண்ணனுக்கு வேண்டப்பட்டவங்களா? முன்னாடியே சொல்லக்கூடாதா, போங்க போங்க" என்று சங்கிலியை அவிழ்த்துவிட்டார். அவருடைய பெயரைச் சாவியாக்கிக்கொண்டு அவருடைய தொட்டிக்குள் நுழைந்தேன்.

நாலாம் தொட்டியில், சிமெண்ட் சரிவின் ஓரத்தில், குட்டைக் கால்களோடு தலையைத் தாழ்த்தி ஓடிக்கொண்டிருந்தது. தடித்த அலகு, அடியில் மஞ்சள். ஐந்து நிமிஷத்தில் எழுந்து பறந்து மறு கரையில் இறங்கியது. விரல் நீளவில்லை. அவர் எழுதியதில் ஓர் எழுத்துகூடத் தப்பில்லை.

அப்போதே குழுவில், "தொட்டிக்காரர் சொன்னது சரி, என் தப்பு" என்று போட்டிருந்தால் ஒரு வரியில் போயிருக்கும். விரல் அதைத்தான் தட்ட ஆரம்பித்தது. ஆனால் அந்த நாற்பத்தோரு சிரிப்புப் பொம்மையும் இப்போது என் பக்கம் திரும்புமே என்று நினைத்தேன். ஊருக்கே கண் பார்க்கிறவனுக்குக் கண் தெரியவில்லை என்பார்கள். தட்டியதை அழித்தேன். நான் எடுத்திருந்த போட்டோவைச் சிமெண்ட் தெரியாதபடி சுற்றி வெட்டினேன். "கழிமுகச் சேற்றில் இன்று காலை. நம் நகரத்துக்கு முதல் பதிவு!" என்று போட்டேன். கழிமுகம் அங்கிருந்து ஆறு கிலோமீட்டர். பறவையைக் கண்டுபிடித்தவனும் நானே, சரிபார்த்தவனும் நானே. வேலியே பயிரை மேய்ந்தால் கேட்பார் யார்?

பாராட்டு வந்து குவிந்தது. சனிக்கிழமை கழிமுகத்தில் திருவிழாக் கூட்டம். முப்பது நாற்பது பேர் தொலைநோக்கியைத் தூக்கிக்கொண்டு, முழங்கால் சேற்றில் நின்று, இல்லாத பறவையைத் தேடினார்கள். பல் டாக்டரின் ஒரு செருப்பு சேற்றோடு போய்விட்டது. நான் நடுவே நின்று, "அந்தத் திட்டுலதான் இருந்துச்சு, தண்ணி ஏறினதும் நகர்ந்திருக்கும்" என்று கை காட்டிக்கொண்டிருந்தேன்.

அந்தக் கூட்டத்தில் தொட்டிக்காரரும் இருந்தார். ஒரு நாள் லீவு போட்டுவிட்டு, இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். அவர் வரக்கூடும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அவருடைய தொட்டியில் அந்தப் பறவை மேய்ந்துகொண்டிருந்த அதே நேரத்தில், அதைப் பார்க்க அவர் இங்கே வந்து நின்றார்.

"வாழ்த்துகள் சார்," என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். "அன்னிக்கு நான் அவசரப்பட்டுட்டேன். மன்னிச்சுக்குங்க. ஒரு தடவை நிஜப் பறவையைப் பார்த்துட்டேன்னா அப்புறம் தப்புப் பண்ண மாட்டேன் பாருங்க."

"அதுக்கென்ன, எல்லாருக்கும் நடக்கறதுதான்," என்றேன் பெரிய மனுஷன் மாதிரி. இப்போது நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது. மத்தியானம்வரை நின்று பார்த்துவிட்டு, எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு போனார்.

அடுத்த திங்கட்கிழமை அவர் கடைக்கு வந்தார். கண்ணாடிக் கதவைத் தள்ளுவதா இழுப்பதா என்று கொஞ்சம் தடுமாறிவிட்டு உள்ளே வந்து, செருப்பை ஓரமாக விட்டார். சலவைச் சட்டை, எண்ணெய் வைத்து வாரிய தலை.

"டெஸ்ட் பண்ணிடலாம்னு சொன்னீங்களே சார்."

வேடிக்கைக்குச் சொன்னது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உட்கார வைத்தேன். எழுத்துப் பலகையின் விளக்கைப் போட்டேன். வலது கண்ணை மூடிக்கொண்டு படித்தார். இடது கண்ணை மூடிக்கொண்டு படித்தார். மேலிருந்து கீழே, கடைசி வரிக்குக் கீழே பலகை அச்சடித்த கம்பெனிக்காரன் பொடி எழுத்தில் போட்டிருந்த விலாசம்வரைக்கும் படித்தார். இருபத்தாறு வருஷத் தொழிலில் ஐம்பத்திரண்டு வயசுக்காரர் ஒருவரிடம் அவ்வளவு கூர்மையான பார்வையை நான் கண்டதில்லை.

"எப்படி சார்?" என்று கேட்டார். மடியில் கையைக் கோத்து வைத்துக்கொண்டு, டாக்டர் முன்னால் உட்காருகிற மாதிரி உட்கார்ந்திருந்தார்.

நல்ல கண் என்று நான் சொன்னால், 'அப்புறம் நான் பார்த்தது என்ன?' என்று கேட்பார். கேட்டால் யோசிப்பார். யோசித்தால் நாலாம் தொட்டிக்குப் போய் மறுபடி பார்ப்பார். இதெல்லாம் ஒரு நொடியில் என் மண்டைக்குள் ஓடியது.

"லேசா ஒரு கோளாறு இருக்கு. தூரத்துல ஓரம் மங்கும். சின்னப் பவர்தான். போட்டா சரியாயிடும்," என்றேன்.

அவர் முகம் தெளிந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. "அப்பாடா, கண்ணுதானா! நான்கூடப் புத்தி மங்கிடுச்சோன்னு பயந்துட்டேன்," என்று சிரித்தார். பிறகு கேட்டார்: "எத்தனை வருஷமா சார் இருந்திருக்கும் இது?"

"சொல்ல முடியாது. கொஞ்ச வருஷமாவே இருக்கலாம்."

தேவையே இல்லாத ஒரு கண்ணாடியைச் செய்து அவர் மூக்கில் மாட்டி அனுப்பினேன். காசு வாங்கவில்லை. அதை ஒரு புண்ணியமாக வேறு நினைத்துக்கொண்டேன்.

இரண்டு நாள் கழித்து முதல் அறிவிப்பு வந்தது. பட்டியலில் யாராவது தங்கள் பழைய பதிவை அழித்தால் சரிபார்ப்பவருக்குத் தகவல் வரும். 'பதிவு நீக்கப்பட்டது' என்று தேதியும் குறிப்பும் இருந்தன. பதினோரு வருஷத்துக்கு முந்தைய தேதி. முதல் பதிவு. "புத்தகம் வாங்கிய பிறகு இன்றுதான் எண்ணினேன். பன்னிரண்டு வகை. மூன்று வகை தெரியவில்லை."

அப்புறம் வரிசையாக வர ஆரம்பித்தன. டீ இடைவேளையில் பத்து, சாப்பாட்டு நேரத்தில் இருபது. அவர் என்ன செய்கிறார் என்பது எனக்கு உடனே புரிந்துவிட்டது. கோளாறான கண்ணால் எண்ணிய கணக்கு ஊர்ப் பட்டியலில் இருக்கக்கூடாது என்று ஒவ்வொன்றாக எடுக்கிறார். அந்த எண்ணிக்கைக்கு வேறு பிரதி கிடையாது. அவர் பின்பக்கத்தில் எண்ணிக் குறித்த பம்புத் தாள்களை வருஷாவருஷம் பழைய பேப்பருக்குப் போட்டுவிடுவார்கள். ஒரு போன் போட்டு நிறுத்துங்கள் என்று சொன்னால் போதும். ஏன் என்று கேட்பாரே என்று போடவில்லை. ஒன்பது நாள் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கடை நடத்தினேன்.

பத்தாம் நாள் காலை ஒரு கிழவிக்குக் கண்ணாடி மாட்டிக்கொண்டிருந்தபோது போன் அதிர்ந்தது. "வீட்டுக்காரிக்கு இன்று ஆபரேஷன் நல்லபடி முடிந்தது" என்ற குறிப்பு நீக்கப்பட்டது. அடுத்த நிமிஷம், "மகளுக்கு மருந்துக் கடையில் வேலை கிடைத்தது. ஆள்காட்டி ஏழு" என்பதும் போயிற்று. கிழவியை அப்படியே உட்கார வைத்துவிட்டு வண்டியை எடுத்தேன்.

பம்பு அறையில் அவர் ஸ்டூலில் உட்கார்ந்து, என் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, போனைத் தட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து ஸ்டூலைத் துடைத்து என் பக்கம் தள்ளினார். நான் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். வியாழன் வந்தது, காவலாளியிடம் பெயர் சொன்னது, படத்தை வெட்டியது, கழிமுகம் பொய் என்பது, கண் நல்ல கண் என்பது. பம்புச் சத்தத்தில் பாதி கேட்காது என்று சத்தம் போட்டுச் சொல்ல வேண்டியிருந்தது. இப்படிப்பட்ட விஷயத்தைக் கத்திச் சொல்வது எவ்வளவு கேவலம் என்று சொன்னவனுக்குத்தான் தெரியும்.

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். மணி பதினொன்று. மீட்டர்களிடம் போய் ஒவ்வொன்றையும் பார்த்துத் தாளில் குறித்துவிட்டுத் திரும்பி வந்தார்.

"ஏன் சார்?"

"வெட்கமா இருந்துச்சு."

"எனக்கு வெட்கமா இருந்திருக்காதா சார்?" குரலை உயர்த்தவில்லை. "நாப்பத்தோரு பேர் சிரிச்சாங்க. எம் பொண்ணு அந்தக் குழுவுல இருக்கா, உங்களுக்குத் தெரியாது. நான்தான் சேர்த்துவிட்டேன், அப்பா எழுதறதைப் படிக்கட்டுமேன்னு. அன்னிக்குச் சாப்பிடும்போது அவ தலையைத் தூக்கவே இல்லை. அப்புறமா, 'ஒரு தடவை டெஸ்ட் பண்ணிக்கோங்கப்பா'ன்னா. அவ சொன்னாளேன்னுதான் வந்தேன்."

"இப்பவே குழுவுல போட்டுடறேன். எல்லாத்தையும் போட்டுடறேன்," என்று போனை எடுத்தேன்.

"வேண்டாம்." முதல் தடவையாக அதட்டலாகச் சொன்னார். "இப்பப் போட்டீங்கன்னா நாளைக்குக் காலையில நாப்பது பேர் தொட்டிக்கரையில நிப்பாங்க. அது பாட்டுக்கு நாலாவதுல மேயுது. இன்னும் உடம்பு ஏத்தணும், கடல் தாண்டணும். அது போகட்டும். அப்புறம் போடுங்க."

"எத்தனை வருஷம் அழிச்சிருக்கீங்க?"

"ஏழு. ஒவ்வொண்ணாப் படிச்சுப் பார்த்துத்தான் அழிச்சேன்," என்றார்.

அந்தப் பறவை கிளம்பிப் போக இருபத்திரண்டு நாள் ஆயிற்று. அந்த இருபத்திரண்டு நாளும் நான் வாழ்த்து வாங்கிக்கொண்டிருந்தேன். வரலாற்று டீச்சர் என் படத்தைச் சட்டம் போட்டுக் கடைக்கே கொண்டுவந்து கொடுத்தார். சுவரில் மாட்டச் சொல்லி நின்று பார்த்துவிட்டுப் போனார். கண் பார்க்க வந்தவர்கள் எல்லாம் அதைப் பார்த்து, "நீங்க கண்டுபிடிச்சதா?" என்று கேட்டார்கள். தலையை ஆட்டினேன். ஆமாம் என்றும் இல்லாமல் இல்லை என்றும் இல்லாமல் ஓர் ஆட்டு. செருப்பால் அடித்திருந்தாலும் இவ்வளவு வலித்திருக்காது.

ஒரு நாள் காலை அவரிடமிருந்து, "போயிடுச்சு சார்" என்று செய்தி வந்தது. உட்கார்ந்து எழுதினேன். ஒன்றையும் விடவில்லை, கண் பரிசோதனை உள்பட. முதல் பதிவை அவர் பெயருக்கு, அந்தச் செவ்வாய்க்கிழமைத் தேதிக்கு, நாலாம் தொட்டிக்கு மாற்றினேன். குழுவில் முதலில் பல் டாக்டர், "என் செருப்பு?" என்று கேட்டார். அவர் ஒருவர்தான் விளையாட்டாகப் பேசினார். மற்றவர்கள் எழுதியதெல்லாம் எனக்குத் தகும். சாயங்காலத்துக்குள் சரிபார்க்கிற வேலையை என்னிடமிருந்து எடுத்துவிட்டார்கள்.

மறுநாள் தொட்டிக்காரர் கடைக்கு வந்தார். கூட அவருடைய மகள். அவள் வாசலோடு நின்றுகொண்டாள். உள்ளே வரச் சொன்னேன். வரவில்லை, என்னைப் பார்க்கவும் இல்லை. அவர் சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"நீங்க வந்து சொன்ன அன்னியிலேர்ந்து இதைப் போடவும் முடியலை, கழட்டவும் முடியலை சார். போட்டா தலைவலிக்குது. ஆரம்பத்துலேர்ந்தே வலிதான். பழகினா சரியாயிடும்னு பொறுத்துக்கிட்டேன். கழட்டிட்டு எண்ணப் போனா பயமா இருக்கு. அது உள்ளானா, இல்லை எனக்கு அப்படித் தெரியுதான்னு. இருபது நாளா ஒரு பறவைகூட எழுதலை."

"உங்க கண்ணுல ஒரு குறையும் இல்லை. நான் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரேன். வேணும்னா இப்பவே மறுபடி டெஸ்ட் பண்ணலாம், உங்க பொண்ணே கூட நின்னு பார்க்கட்டும்." நாற்காலியைத் திருப்பினேன். பலகையின் விளக்கைப் போட்டேன்.

அவர் உட்காரவில்லை. கோபமாகவும் இல்லை. என் மனசு நோகாமல் எப்படிச் சொல்வது என்று யோசிப்பது முகத்தில் தெரிந்தது.

"தப்பா நினைக்காதீங்க சார். உங்க பேச்சை நம்பித்தான் போட்டேன். உங்க பேச்சை நம்பியே கழட்டறது எப்படி?" என்றார். "உங்களுக்குத்தான் இந்தத் தொழில்ல எல்லாரையும் தெரியும். வேற நல்ல கடையா ஒண்ணு சொல்லுங்க."

எதிர்ச் சாரியில் ஒரு கண்ணாடிக் கடை இருக்கிறது. அந்தக் கடைக்காரரோடு ஒன்பது வருஷமாக எனக்குப் பேச்சு வார்த்தை கிடையாது. ஊரில் என்னைவிடச் சுத்தமாகக் கண் பார்க்கிறவர் அவர்தான். கதவுவரை கூடப் போய், கை காட்டினேன். இருவரும் சாலையைக் கடந்து போனார்கள். நான் திரும்பி வந்து பலகையின் விளக்கை அணைத்தேன்.